தொடுதிரை போர்ட்டபிள் மானிட்டர்: முதலில் போர்ட்டைப் பாருங்கள், பிறகு வயரை

15.6 அங்குலத் திரை, ஒரு நோட்டுப் புத்தகத்தின் தடிமன், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே எடை. பெட்டியைப் பிரித்து வயரைச் செருகினால் பெரும்பாலும் படம் வந்துவிடும். தகராறு தொடுதலில்தான். விரல் வைத்தால் அசைவே இருக்காது, அல்லது இந்தத் திரையைத் தொட்டால் லேப்டாப் திரையில் ஏதோ திறக்கும். கூடுதல் காசு கொடுப்பதே தொடுதலுக்காக என்பதால், அது உங்கள் கருவியோடு சேர்ந்து வேலை செய்யுமா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். எக்செல்லை ஒரு பக்கம், மெயிலை ஒரு பக்கம் விரித்து வைப்பதுதான் உங்கள் தேவை என்றால் தொடுதல் இல்லாத மானிட்டரே போதும். அந்தக் காசுக்கு வெளிச்சமும் நிறமும் நன்றாக உள்ள திரை கிடைக்கும்.

உங்கள் கருவியில் இருப்பது எந்த டைப்-சி?

டைப்-சி என்பது ஓட்டையின் வடிவத்துக்கு மட்டுமே பெயர். அதன் வழியே என்னென்ன போகும் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. சில லேப்டாப்களில் அது பென் டிரைவ் செருக மட்டும் உதவும். சிலவற்றில் சார்ஜும் ஏறும். படம் வெளியே வர வேண்டுமானால் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி அந்தப் போர்ட்டில் இருந்தாக வேண்டும். ஓட்டையின் பக்கத்தில் டி, பி (DP) எழுத்துகள் பின்னிய சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் கவலை இல்லை. குறி இல்லாவிட்டால் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, போர்ட்டுகள் பட்டியலில் ‘டிஸ்ப்ளேபோர்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த லேப்டாப்களில் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

தேறாவிட்டால் எச்டிஎம்ஐ இருக்கிறது. ஆனால் எச்டிஎம்ஐ வயர் படத்தையும் ஒலியையும் மட்டும்தான் கொண்டுபோகும். மானிட்டரை ஓட்டும் அளவுக்கு அதில் மின்சாரம் இல்லை, தொடுதல் தகவலும் போகாது. ஆகவே எச்டிஎம்ஐ வழியே இணைத்தால் லேப்டாப்பிலிருந்து இன்னொரு யூஎஸ்பி வயரும் மானிட்டருக்குப் போயே ஆக வேண்டும். இதை மறந்துவிட்டு எச்டிஎம்ஐயை லேப்டாப்பிலும், பவர் வயரைச் சுவரில் உள்ள சார்ஜரிலும் செருகிவிட்டு ‘டச் வேலை செய்யவில்லை’ என்று பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. திரையில் குறை இல்லை. தொட்ட தகவல் லேப்டாப்புக்குப் போக அங்கே வழியே இல்லை.

வாங்கப்போகும் மானிட்டரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லெனோவாவின் திங்க்விஷன் எம்14டி மாதிரிச் சிலவற்றில் டைப்-சி மட்டும்தான். எச்டிஎம்ஐ உள்ளவற்றிலும் அது பெரும்பாலும் மினி எச்டிஎம்ஐ, டிவிக்குப் போடுகிற சாதாரண வயர் அதில் நுழையாது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐயைக் கிராஃபிக்ஸ் கார்டிலும் யூஎஸ்பியை மதர்போர்டிலும் செருகினால் தொடுதலும் சேர்ந்தே கிடைக்கும்.

எந்தக் கருவியில் தொடுதல் உயிரோடு இருக்கும்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனி டிரைவர் எதுவும் இல்லாமலே பத்து விரல் தொடுதல் வேலை செய்யும். விண்டோஸ்காரர்கள் யோசிக்க வேண்டியது அடுத்துச் சொல்லப்போகும் ஒரு அமைப்பை மட்டும்தான்.

மேக்புக்கில் கதை வேறு. மேக் ஓஎஸ் தொடுதிரையை ஏற்பதே இல்லை. படம் பளிச்சென்று வரும், விரலுக்கு மட்டும் பதில் இருக்காது. காசு கொடுத்து வாங்கும் வெளி டிரைவர்கள் உண்டு, ஆனால் அதைப் போட்டாலும் மேக் ஓஎஸ்ஸின் பொத்தான்கள் சுண்டுவிரல் நுனிக்குக்கூடப் பெரிதாகிவிடப் போவதில்லை. மேக்புக்குக்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் தொடுதல் இல்லாத மாடலை எடுங்கள். எம்1, எம்2 மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஓட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

போன்களில் சாம்சங்கின் மேல்வரிசை கேலக்ஸி எஸ் மாடல்கள்தான் இந்த மானிட்டருக்கு நல்ல ஜோடி. டெக்ஸ் முறையில் போன் ஒரு குட்டிக் கணினியாக விரிந்து, திரையைத் தொட்டே எல்லாவற்றையும் ஓட்டலாம். ஐபோன் 15 முதல் டைப்-சி வந்துவிட்டதால் படம் வரும். ஆனால் அது போன் திரையின் நகல்தான், தொட முடியாது. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டைப்-சி இருந்தாலும் உள்ளே யூஎஸ்பி 2.0 மட்டுமே, படமே வராது.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து வேலை செய்பவர்களுக்கு இந்த மானிட்டர் வரப்பிரசாதம். பை 4, 5 இரண்டிலும் போர்ட் மைக்ரோ எச்டிஎம்ஐ, மானிட்டரில் மினி எச்டிஎம்ஐ. இரண்டும் வேறு வேறு அளவு, அதற்கேற்ற வயரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மானிட்டரின் மின்சாரத்தைப் பையின் யூஎஸ்பியிலிருந்து இழுக்காமல் தனிச் சார்ஜரில் கொடுத்து, பையிலிருந்து வரும் யூஎஸ்பியைத் தொடுதலுக்கு மட்டும் விடுவது நல்லது.

ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வயர்கள்

பெட்டியில் பொதுவாக மூன்று வயர்கள் இருக்கும்: டைப்-சி இரு முனையிலும் உள்ள முழு வசதி வயர், பவருக்கான வயர், மினி எச்டிஎம்ஐ வயர். பவர் வயரும் இரு முனையும் டைப்-சியாக இருந்துவிட்டால் முதல் இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பவர் வயருக்குள் மின்சாரக் கம்பிகளும், மெதுவான யூஎஸ்பி 2.0 தகவலுக்கு ஒரு ஜோடியும் மட்டும் இருக்கும். படம் போகும் வேகக் கம்பிகள் அதில் இல்லை. மாற்றிச் செருகினால் திரை ஒளிரும், ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வரும், சில நொடியில் தூங்கிப்போகும். பெட்டியைப் பிரித்த அன்றே முழு வசதி வயரின் இரு முனையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவசர மீட்டிங் ஒன்றுக்கு முன்னால் அதன் அருமை தெரியும்.

டேப் சுற்றாமல் கலந்துவிட்டதா? கையில் எடுத்துப் பாருங்கள், சற்றுத் தடிமனாக, வளைக்க முரண்டு பிடிப்பதுதான் பெரும்பாலும் முழு வசதி வயர். புதிதாக வாங்குவதானால் 10 ஜிபிபிஎஸ் அல்லது அதற்கு மேல் என்று குறிப்பிட்ட, ஒரு மீட்டருக்கு மிகாத வயரைக் கேளுங்கள். நீளம் கூடக்கூடப் படம் விட்டுவிட்டு வரும், சில நேரம் கறுப்பாகிக் கண் சிமிட்டும்.

தொடுதல் தகவல் போவது அந்த மெதுவான யூஎஸ்பி 2.0 ஜோடியில்தான். படத்துக்கு வேறு கம்பிகள். படம் சரியாக வந்து தொடுதல் மட்டும் செத்துப்போனால் இந்த ஜோடியைச் சந்தேகியுங்கள். வயரில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம், அல்லது நடுவில் போட்ட அடாப்டர் படத்தை மட்டும் கடத்துகிற ரகமாக இருக்கலாம். அடாப்டரைக் கழற்றி நேரடியாகச் செருகிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

மானிட்டரில் இரண்டு டைப்-சி இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். பல மாடல்களில் ஒன்று பவருக்கு மட்டும். அதன் அருகில் உள்ள எழுத்து கறுப்பு மேல் கறுப்பாக, டார்ச் அடித்தால்தான் தெரியும்.

தொட்டது ஓரிடம், நகர்வது வேறிடம்

இரண்டு திரை இருக்கும்போது எந்தத் தொடுதல் எந்தத் திரைக்குச் சொந்தம் என்று விண்டோஸுக்குச் சில நேரம் தெரிவதில்லை. முதன்மைத் திரைதான் என்று அதுவாக முடிவு செய்துவிடும். சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும்.

1. விண்டோஸ் விசையும் பி (P) எழுத்தும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள்.
2. கண்ட்ரோல் பேனலில் ‘டேப்லெட் பிசி செட்டிங்ஸ்’ திறங்கள். தேடல் பெட்டியில் ‘கேலிபிரேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினாலும் வரும்.
3. ‘செட்டப்’ பொத்தானை மவுஸால் அழுத்துங்கள். பேனாவா, தொடுதலா என்று கேட்டால் தொடுதல்.
4. ஒரு திரை வெள்ளையாகி, ‘இதுதான் தொடுதிரை என்றால் தொடு’ என்ற பொருளில் ஒரு வரி வரும். அது லேப்டாப் திரையில் வந்தால் தொடாதீர்கள், என்டர் விசையைத் தட்டுங்கள். வெள்ளை அடுத்த திரைக்கு நகரும். போர்ட்டபிள் மானிட்டரில் அந்த வரி வந்ததும் விரலை வையுங்கள்.

லேப்டாப்புக்கும் தொடுதிரை இருந்தால் அதற்கும் அந்தந்த முறை வரும்போது தொட்டுவிடுங்கள். மானிட்டரை வேறு யூஎஸ்பி போர்ட்டுக்கு மாற்றினால் விண்டோஸ் இதை மறந்துவிடக்கூடும், மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அதனால் ஒரே போர்ட்டை வழக்கமாக்கிக்கொள்வது நிம்மதி. பக்கத்தில் உள்ள ‘கேலிபிரேட்’ பொத்தான் பக்கமே போக வேண்டாம். இன்றைய கண்ணாடித் தொடுதிரைகளுக்கு அது பொதுவாகத் தேவையில்லை, அவசரத்தில் தப்பாகத் தொட்டுச் சேமித்தால் இருந்த துல்லியமும் போகும்.

லினக்ஸில் எக்ஸ்11 சூழல் என்றால் எக்ஸ்இன்புட் கட்டளையில் தொடுதிரையின் எண்ணைக் கண்டுபிடித்து, அதன் ‘மேப்-டு-அவுட்புட்’ வசதியால் திரையின் பெயரோடு கட்டிவிடலாம். திரையின் பெயரை எக்ஸ்ரேண்டர் காட்டும். திரையைச் செங்குத்தாகத் திருப்பினால் அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

மின்சாரம் எங்கிருந்து

15.6 அங்குலத் தொடுதிரை, ஃபுல் எச்டி, நடுத்தர வெளிச்சம் என்றால் சுமார் 8 வாட் இழுக்கும். வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால் 10ஐத் தாண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 2.5 வாட், 3.0 கொடுப்பது 4.5 வாட். பழைய செவ்வகப் போர்ட்டில் செருகினால் திரை எரிவதும் அணைவதுமாக இருப்பதற்கு இதுதான் காரணம். சில மானிட்டர்கள் அணையாமல் வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், ‘பட்டனை அழுத்தினாலும் கூட மாட்டேன்’ என்று அடம்பிடிக்கும். 5 வோல்ட் 3 ஆம்பியர், அதாவது 15 வாட் கொடுக்கும் டைப்-சியோ சார்ஜரோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

லேப்டாப் பேட்டரியிலிருந்தே ஓட்டும்போது கணக்கு இப்படி: 50 வாட்-அவர் பேட்டரி, லேப்டாப் சராசரியாக 10 வாட் தின்றால் ஐந்து மணி நேரம். மானிட்டரின் 8 வாட் சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ரயிலில் சதாப்தி மாதிரி இருக்கையில் பிளக் இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றை மானிட்டருக்கு மட்டும் ஒதுக்குங்கள், ஆறேழு மணி நேரம் தாங்கும். ஆசஸ் ஜென்ஸ்கிரீன் டச் எம்பி16ஏஎம்டி போல உள்ளேயே 7,800 எம்ஏஎச் பேட்டரி வைத்த மாடல்களும் உண்டு. அதற்கு நிறுவனம் சொல்லும் நேரம் நான்கு மணி வரை, எடை 0.9 கிலோ. பேட்டரி உள்ளவற்றை மாதக்கணக்கில் காலியாக வைத்திருந்தால் பேட்டரி கெட்டுப்போகும், பாதி சார்ஜில் வையுங்கள்.

பாஸ்-த்ரூ என்பது கவனிக்கத்தக்க வசதி. 65 வாட் சார்ஜரை மானிட்டரில் செருகினால் அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அதே ஒற்றை வயரில் லேப்டாப்புக்கோ போனுக்கோ அனுப்பும். டைப்-சி ஒன்றே ஒன்று உள்ள லேப்டாப்புக்கும், டெக்ஸ் ஓட்டும் போனுக்கும் இது பெரிய உதவி. மேஜையிலும் ஒரு வயர் மிச்சம்.

தானாகத் தொட்டுக்கொள்ளும் திரை

விரல் படாமலே கர்சர் தாவுவது, மெனு தானாகத் திறப்பது, வரைந்த கோடு முறிவது. உடனே வைரஸ் என்று ஆன்டிவைரஸ் வாங்கப் போகாதீர்கள். பெரும்பாலும் சார்ஜர்தான் காரணம்.

தொடுதிரை, விரலால் ஏற்படும் மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை அளக்கிறது. எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜர்களில், குறிப்பாக மலிவானவற்றில், கொஞ்சம் கசிவு மின்னோட்டம் வெளிப்பக்கத்துக்கு வரும். உலோக உடல் கொண்ட லேப்டாப்பைப் புறங்கையால் தடவினால் ‘விர்ர்’ என்று ஒரு சிலிர்ப்பு தெரியுமே, அதே சமாசாரம். அந்த இரைச்சல் தொடுதிரையின் அளவையில் கலந்து, இல்லாத விரலை இருப்பதாகக் காட்டும்.

கண்டுபிடிக்க எளிய வழி: சுவரில் செருகிய எல்லாச் சார்ஜரையும் கழற்றிவிட்டு லேப்டாப் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பேய் ஓடிவிட்டால் சார்ஜர்தான் குற்றவாளி. மூன்று பின், எர்த் உள்ள சார்ஜருக்கு மாறுங்கள். வீட்டுப் பிளக்கில் எர்த் கம்பி உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை மூன்று இருக்கும், பின்னால் கம்பி இரண்டுதான் இருக்கும், இது அபூர்வமல்ல. பேட்டரியிலும் பேய் தொடர்ந்தால் திரையைத் துடைத்து, ஈரத்தையும் ஓரம் தூக்கிய ஸ்கிரீன் கார்டையும் அகற்றிப் பாருங்கள். அப்போதும் ஒரே இடத்திலேயே தானாகத் தொட்டால் பேனல் பழுது, வாரண்டிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கையும் ஸ்டாண்டும்

விளம்பரப் படத்தில் நிமிர்ந்து நிற்கும் திரையை ஒருவர் சிரித்தபடி தொடுவார். பத்து நிமிடம் அப்படிச் செய்து பாருங்கள், தோள்பட்டை கெஞ்சும். செங்குத்தான திரையைத் தொடுவது நீண்ட வேலைக்கு ஆகாது. தொட்டு வேலை செய்ய வேண்டுமானால் திரை மேஜையிலிருந்து 20, 30 டிகிரிக்குள் படுத்திருக்க வேண்டும். பாடப் புத்தகத்தைச் சாய்த்து வைப்போமே, அந்தச் சாய்வு.

காந்தத்தில் ஒட்டும் மடிப்பு உறை இதற்கு உதவாது. இரண்டே கோணம், அதுவும் மேல் ஓரத்தைத் தொட்டால் பின்னால் சாய்ந்து, ‘தொப்’ என்று விழும். பின்பக்கத்திலேயே பொருத்திய உலோகக் கால் உள்ள மாடலை எடுங்கள். ஏற்கெனவே உறை மாடல் வாங்கியாயிற்று என்றால், லேப்டாப்புக்கு விற்கும் மடக்கு அலுமினிய ஸ்டாண்டில் கீழ்ப் படியில் வையுங்கள். முன்னால் உள்ள இரண்டு கொக்கி திரையை வழுக்க விடாது. நிமிர்த்தியே வைக்கப் போகிறவர்கள் பின்னால் 75 மி.மீ. இடைவெளியில் வீசா (VESA) துளைகள் இருக்கிறதா என்று பார்த்தால் மானிட்டர் ஆர்மில் மாட்டிவிடலாம்.

தொடுதல் உண்மையிலேயே பலன் தரும் வேலைகள் சில உண்டு. பிடிஎஃப்பில் கையெழுத்துப் போடுவது அதில் முதலிடம். பிரிண்ட் எடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்கிற சுற்று அப்படியே மிச்சம். அடுத்தது திரையைச் செங்குத்தாக நிறுத்தி நீண்ட ஆவணங்களை விரலால் தள்ளிப் படிப்பது. 15.6 அங்குலத் திரையை நிமிர்த்தினால் உயரம் 34.5 செ.மீ., அகலம் 19.4 செ.மீ., ஒரு ஏ4 பக்கம் முழு அளவுக்குச் சற்றே குறைவாக அப்படியே தெரியும். ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுப்பவர்களுக்கும் பயன்படும், ஆனால் அவர்கள் பேனா விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

பத்து விரல் தொடுதல் என்றால் பேனாவும் எழுதும் என்று பொருள் இல்லை. ரப்பர் முனைப் பேனா எதிலும் எழுதும், ஆனால் அது விரலுக்கு மாற்று, அவ்வளவே. உள்ளங்கை திரையில் பட்டால் அதுவும் ஒரு தொடுதலாகிக் கோடு விழும். ழ, ஞ, ணை போன்ற சுழி எழுத்துகள் அதில் கொழகொழவென்று வரும். அழுத்தம் உணர்ந்து, உள்ளங்கையை ஒதுக்கி எழுத வேண்டுமானால் ஆக்டிவ் பேனாவை ஏற்கும் மானிட்டரும் அதற்குப் பொருந்தும் பேனாவும் வேண்டும். எம்14டி அந்த வகை. பேனாவில் பல நெறிமுறைகள் உள்ளன, ஒன்றின் பேனா இன்னொன்றில் எழுதாது. மானிட்டர் பக்கத்தில் எந்தப் பெயர் போட்டிருக்கிறதோ அதே பெயர் பேனா பெட்டியிலும் இருக்க வேண்டும்.

படத்தில் என்ன எதிர்பார்க்கலாம்

வெளிச்சம் 250 முதல் 300 நிட்ஸ். ட்யூப்லைட் அறைக்குத் தாராளம், ஜன்னல் ஓரத்துக்குப் போதாது. தொடுதிரை மேல் கண்ணாடி இருப்பதால் முகமும் மின்விசிறியும் சேர்ந்தே தெரியும். மேட் ஃபிலிம் ஒட்டினால் பிரதிபலிப்பு அடங்கும், எழுத்தின் கூர்மை சற்றுக் குறையும். நிறம் பார்க்கும் வேலை என்றால் ‘45% என்டிஎஸ்சி’ என்று போட்டதைத் தொடாதீர்கள், சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும். 100% எஸ்ஆர்ஜிபி என்று இருக்கட்டும். 300 நிட்ஸ் திரையில் எச்டிஆர் என்று எழுதியிருந்தால் கண்டுகொள்ள வேண்டாம், லேப்டாப்பிலும் அதை அணைத்தே வையுங்கள், நிறம் வெளுத்துப்போகாமல் இருக்கும்.

15.6 அங்குலத்தில் ஃபுல் எச்டி என்றால் அங்குலத்துக்கு 141 புள்ளிகள். விண்டோஸில் ஸ்கேல் 125% வைத்தால் படிக்கவும் வசதி, பொத்தான்களும் விரலுக்கு அகப்படும். தொட்டே வேலை செய்பவர்கள் 150% வைக்கலாம். 4கே திரைக்குக் காசு கொடுப்பது இந்த அளவில் வீண், மின்சாரமும் கூடத் தின்னும்.

வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள்

வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஐந்தையும் முழுத் திரையில் காட்டி, செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு வரும்போது அறை விளக்கை அணைத்தால் ஓரங்களில் கசியும் ஒளி தெரியும். பிறகு பெயிண்ட்டைத் திறந்து, மூலைக்கு மூலை மெதுவாக ஒரு கோடு, பிறகு நான்கு ஓரங்களை ஒட்டி ஒரு சுற்று. கோடு எங்காவது விட்டுப்போனாலோ நெளிந்தாலோ அங்கே உணரி பழுது. கடைசியாக அரை மணி நேரம் முழு வெளிச்சத்தில் ஓட விடுங்கள். பின்புறம் வெதுவெதுப்பாவது இயல்பு, கை வைக்க முடியாமல் சுட்டால் இயல்பில்லை.

பையில் வைக்கும்போது திரைப் பக்கம் லேப்டாப் மூடியைப் பார்த்து இருக்கட்டும், நடுவில் ஒரு கெட்டி அட்டை. சார்ஜர் கட்டி, டிபன் பாக்ஸ் இரண்டும் வேறு அறையில். பையை பைக்கின் டேங்க் மேல் படுக்க வைத்து அதன்மேல் சாய்ந்து ஓட்டுவதுதான் இந்தத் திரைகளுக்கு எமன். கண்ணாடியில் கீறல்கூட இருக்காது, உள்ளே பேனலில் மட்டும் மை சிந்தியது போல ஒரு கறை. அந்தக் கறைக்கு வாரண்டி கிடையாது.

துடைக்க, கண்ணாடி துடைக்கும் மைக்ரோ ஃபைபர் துணியும் அதில் தெளித்த இரண்டு சொட்டுத் தண்ணீரும் போதும். திரையில் நேரடியாகத் தெளித்தால் நீர் கீழ் ஓரத்தில் இறங்கும், தொடுதலை இயக்கும் ரிப்பன் பல மாடல்களில் அங்கேதான் இருக்கிறது.